காபி ஆறும் கணக்கு: வகைக்கெழுச் சமன்பாட்டை முதன்முதலாகச் சந்திப்பவர்களுக்கு

பயன்பாட்டுக் கணிதம் படித்த காலத்தில் வகைக்கெழுச் சமன்பாடுகள் தாளில் எனக்கு நல்ல மதிப்பெண். சிஎஃப் கண்டுபிடி, பிஐ கண்டுபிடி (விடையின் இரண்டு துண்டுகள், என்னவென்று பின்னால் சொல்கிறேன்), இரண்டையும் கூட்டு, அடியில் கோடு போடு. விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, பத்தாவது படித்துக்கொண்டிருந்த மாமா பையன் என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணா, கடைசியில எக்ஸ் எவ்வளவுன்னு எங்கயுமே போடலியே?” என்று கேட்டான். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். பக்கம் பக்கமாகப் போட்ட கணக்கில் எதைத்தான் கண்டுபிடித்தோம் என்று எனக்கே அப்போது சரியாகத் தெரியவில்லை.

அவன் கேட்டதற்கு இப்போது பதில் சொல்ல முடியும். பள்ளியில் நாம் போடும் சமன்பாட்டில் தெரியாதது ஓர் எண். எக்ஸுடன் 3-ஐக் கூட்டினால் 10 என்றால் எக்ஸ் 7, முடிந்தது வேலை. வகைக்கெழுச் சமன்பாட்டில், அதாவது வகுப்பில் எல்லோரும் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் என்று சொல்வதில், தெரியாதது ஒரு முழு வளைகோடு. நேரம் போகப் போக ஒரு பொருளின் அளவு எப்படிப் போகிறது என்கிற முழுக் கதை. கணித மொழியில் அதற்குச் சார்பு என்று பெயர். அந்தக் கதையைச் சமன்பாடு நேரடியாகச் சொல்லாது. “இப்போது இவ்வளவு இருக்கிறதா, அப்படியானால் இந்த வேகத்தில் மாறும்” என்கிற ஒரே ஒரு விதியைத்தான் கொடுக்கும். விதியிலிருந்து கதையைக் கட்டி எழுப்புவது நம் வேலை.

இதையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பைக்கில் போகும்போது ஸ்பீடோமீட்டரை நொடிக்கு நொடி குறித்து வைத்திருந்தால், எவ்வளவு தூரம் போனோம் என்று கூட்டிக் கண்டுபிடித்துவிடலாம். அது வெறும் தொகையீடு, பன்னிரண்டாம் வகுப்பு சமாசாரம். அங்கே வேகம் முன்கூட்டியே கையில் இருக்கிறது. வகைக்கெழுச் சமன்பாட்டில் அந்த வசதி கிடையாது. வேகத்தைத் தெரிந்துகொள்ள அளவு தெரிய வேண்டும், அளவைத் தெரிந்துகொள்ள வேகம் தெரிய வேண்டும். ஒன்று மற்றொன்றின் வாலைக் கடித்துக்கொண்டு நிற்கிறது. இந்தப் பாடத்தின் மொத்தச் சிக்கலும் அதுதான், சுவையும் அதுதான்.

சரி, ஒரு டம்ளர் காபியை வைத்துப் பார்ப்போம்.

அறையின் வெப்பநிலை 30 டிகிரி. காபி 90 டிகிரி. சூடான பொருள் எவ்வளவு வேகமாக ஆறும் என்பது, அதற்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. 1701-ல் நியூட்டன் தன் பெயரைப் போடாமல் லத்தீனில் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இந்த எண்ணம் இருக்கிறது. இன்று நியூட்டனின் குளிர்தல் விதி என்கிறோம். நம் டம்ளருக்கு அதை இப்படி எழுதலாம்:

காபி ஆறும் வேகம் (நிமிடத்துக்கு) = 0.04 × (காபியின் வெப்பநிலை − 30)

இதுதான் வகைக்கெழுச் சமன்பாடு. நோட்டில் எழுதும்போது இடப்பக்கம் டிடி பை டிடி (dT/dt, அதாவது நேரத்தோடு வெப்பநிலை மாறும் வேகம்) என்று வரும், ஒரு கழித்தல் குறியும் ஒட்டிக்கொள்ளும், விஷயம் இவ்வளவுதான். 0.04 என்பது நான் வைத்துக்கொண்ட எண். டம்ளர் எவர்சில்வரா கண்ணாடியா, மூடி இருக்கிறதா, ஃபேன் ஓடுகிறதா என்பதையெல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள் அடக்கிவிடுகிறோம். டவராவில் ஊற்றி நாலு ஆற்று ஆற்றினால் என்ன ஆகிறது? விதி அதேதான், இந்த எண் மட்டும் எகிறிவிடுகிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் மாறிலியைக் கையால் திருகிக்கொண்டிருந்தார்கள் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

இப்போது எந்தச் சூத்திரமும் இல்லாமல், வெறும் பெருக்கல் கழித்தலில் இதைத் தீர்த்துப் பார்ப்போம். ஆரம்பத்தில் வித்தியாசம் 60. அதனால் வேகம் 0.04 × 60, அதாவது நிமிடத்துக்கு 2.4 டிகிரி. ஒரு நிமிடம் அதே வேகத்தில் ஆறுகிறது என்று வைத்துக்கொண்டால் காபி 87.6-க்கு வரும். இப்போது வித்தியாசம் 57.6 ஆகிவிட்டது, எனவே வேகமும் குறைகிறது: 2.30. அடுத்த நிமிட முடிவில் 85.30. அப்புறம் 83.08. அப்புறம் 80.96. ஐந்தாவது நிமிட முடிவில் 78.92. ஒவ்வொரு நிமிடமும் இறங்கும் அளவு 2.40, 2.30, 2.21, 2.12, 2.04 என்று தேய்ந்துகொண்டே போவதைக் கவனியுங்கள். காபி முதலில் மளமளவென்று ஆறி, பிறகு வெதுவெதுப்பிலேயே வெகுநேரம் கிடப்பதன் காரணம் இந்த வரிசையில் இருக்கிறது.

இந்த முறைக்கு ஆய்லர் முறை என்று பெயர். கணித மேதை ஆய்லர் 1768-ல் வெளியிட்ட தொகையீட்டு நூலில் இருக்கிறது. பல பாடத்திட்டங்களில் இதைக் கடைசி அலகில், எண்ணியல் முறைகள் என்ற தலைப்பில் தள்ளிவைத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் நாளே இதைத்தான் சொல்லித்தர வேண்டும். சமன்பாடு என்ன சொல்கிறது என்பது கைக்குப் பிடிபடுவது இங்கேதான்.

மேலே ஒரு சின்ன ஏமாற்று வேலை செய்தோம். ஒரு நிமிடம் முழுவதும் வேகம் மாறாது என்று வைத்துக்கொண்டோம். உண்மையில் அந்த நிமிடத்துக்குள்ளேயே காபி ஆறிக்கொண்டிருக்கிறது, வேகமும் குறைந்துகொண்டிருக்கிறது. அதனால் நம் விடை கொஞ்சம் அதிகமாகவே ஆறிய காபியைக் காட்டும். சமன்பாடு தரும் துல்லியமான விடை, ஐந்து நிமிடத்தில் 79.12 டிகிரி. நிமிடம் நிமிடமாக நடந்து வந்ததில் தவறு 0.2 டிகிரி. பத்து நொடிக்கு ஒரு அடி என்று வைத்தால் 79.09 வரும், தவறு 0.03. ஐந்து நிமிடத்தையும் ஒரே தாவலாகத் தாவினால் 78.

பேராசைப்பட்டு 50 நிமிடத்தை ஒரே அடியில் தாண்டிப் பாருங்கள். நிமிடத்துக்கு 2.4 வீதம் 50 நிமிடத்தில் 120 டிகிரி இறங்க வேண்டும். 90-லிருந்து 120 போனால் −30. காபி ஐஸ் கட்டி! அடுத்த அடியில் விதி என்ன சொல்லும்? அறையைவிடக் காபி 60 டிகிரி குளிர்ச்சியாக இருக்கிறது, எனவே நிமிடத்துக்கு 2.4 வீதம் சூடாகும். 50 நிமிடம் கழித்து மறுபடியும் 90. சூடு, ஐஸ், சூடு, ஐஸ் என்று காலம் முழுக்க ஆடிக்கொண்டிருக்கும். சமன்பாட்டில் ஒரு பிழையும் இல்லை, நடந்த நம் காலடிதான் பெரிது. கணினியில் வானிலையோ விமானமோ கணக்கிடுகிறவர்களுக்கு இது விளையாட்டில்லை. அடியின் அளவு தவறினால் திரையில் வருவது இப்படிப்பட்ட ஐஸ் காபிதான், அதுவும் எட்டு தசம இடத் துல்லியத்தோடு.

துல்லியமான விடை எங்கிருந்து வந்தது? மாறிகளைப் பிரித்தல் என்று முதல் வாரத்திலேயே கற்றுத்தரும் முறையிலிருந்து. வெப்பநிலை சம்பந்தப்பட்டதையெல்லாம் ஒரு பக்கம், நேரத்தை மறுபக்கம் என்று ஒதுக்கி, இரு பக்கமும் தொகையிட வேண்டும். வித்தியாசம் ஓர் அடுக்குக்குறிச் சார்பாகத் தேய்கிறது என்று வரும்: 60-ஐ ‘இ’ என்ற எண்ணின் (2.71828...) ஓர் அடுக்கால் பெருக்க வேண்டும், அந்த அடுக்கு −0.04 × நிமிடங்கள். வித்தியாசம் பாதியாக ஏறக்குறைய 17 நிமிடம். 60 இருந்தது 30 ஆக 17 நிமிடம், 30 இருந்தது 15 ஆக இன்னொரு 17 நிமிடம்.

தொகையிடும்போது கூடவே வரும் ‘பிளஸ் சி’ மாணவர்களுக்கு எரிச்சல் தரும் பிராணி. மறந்தால் ஒரு மதிப்பெண் போகும் என்பதுதான் அதைப் பற்றி நாங்கள் அறிந்திருந்தது. அது என்ன சொல்கிறது என்றால், விதிக்கு உங்கள் காபி எங்கே தொடங்கியது என்று தெரியாது. 90-ல் தொடங்கிய காபிக்கும், 70-ல் தொடங்கிய காபிக்கும், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மோருக்கும் விதி ஒன்றே. விதியை மட்டும் வைத்து வரைந்தால் ஒரு வளைகோடு கிடைக்காது, ஒரு கூட்டமே கிடைக்கும். எல்லாம் 30-ஐ நோக்கி ஓடும். அந்தக் கூட்டம்தான் பொதுத்தீர்வு. “ஆரம்பத்தில் 90” என்று நீங்கள் சொன்ன கணத்தில் சி-க்கு 60 என்ற மதிப்பு வந்து, கூட்டத்திலிருந்து ஒரே ஒரு கோடு எழுந்து நிற்கிறது. அதற்குத் தொடக்க நிபந்தனை என்று பெயர்.

ஒரு திருத்தம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இயற்பியல் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆவி பறக்கும் காபியில் ஆவியாதலாலும் நிறைய வெப்பம் போகிறது, எனவே ஆரம்பத்தில் இந்த விதி காட்டுவதைவிட வேகமாக ஆறும். டம்ளரை மூடி வைத்தால் விதி இன்னும் நன்றாகப் பொருந்தும். வெப்பமானி ஒன்று கிடைத்தால் வீட்டில் செய்து பார்க்கலாம்.

இதே சமன்பாடு வேறு வேஷத்திலும் வரும். மரம் இறந்த பிறகு அதில் உள்ள கார்பன்-14 அணுக்கள் சிதைகின்றன. சிதையும் வேகம் மீதமிருக்கும் அளவுக்கு ஏற்ப. பாதியாகக் காபிக்கு 17 நிமிடம் என்றால் இதற்கு 5,730 ஆண்டு. எண்தான் வேறு, சமன்பாடு அதுவே. வில்லார்டு லிபி என்ற அமெரிக்க வேதியியலாளர் 1940-களின் கடைசியில் இந்தக் காலக்கணிப்பு முறையை உருவாக்கி, 1960-ல் நோபல் பரிசு பெற்றார். கீழடியில் கிடைத்த கரித்துண்டு ஒன்று கி.மு. 580 காலத்தது என்று 2019-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அறிவித்ததே, அதன் அடியிலும் இதுதான் இருக்கிறது. 2,600 ஆண்டு பழைய கரி என்றால் தொடக்கத்தில் இருந்த கார்பன்-14-ல் சுமார் 73 சதவீதம் மிஞ்சியிருக்கும். நடைமுறையில் இதற்கு மேல் சில அளவுத்திருத்தங்கள் செய்வார்கள். என்றாலும் ‘சி’-யைக் கண்டுபிடிப்பதற்குப் பதிலாக நேரத்தைக் கண்டுபிடிக்கும் அதே காபிக் கணக்குதான் இதன் முதுகெலும்பு.

இதுவரை பார்த்தது முதல் வரிசைச் சமன்பாடு. மாறும் வேகம் மட்டும் வந்தது. வேகமே மாறும் வேகமும், அதாவது முடுக்கமும் வந்துவிட்டால் அது இரண்டாம் வரிசை. பருவத்தேர்வில் பாதிக் கேள்விகள் இங்கிருந்துதான் வரும்.

ஆஸ்பத்திரிகளில் இரண்டு பக்கமும் திறக்கும் கதவு இருக்கும் அல்லவா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஸ்பிரிங் கதவை நடுவுக்கு இழுக்கிறது, எண்ணெய்த் தடை அதன் ஓட்டத்தைக் குறைக்கிறது. தள்ளிவிட்டு விட்டால் கதவு என்ன செய்யும்? சமன்பாடு:

நிறை × முடுக்கம் + தடை × வேகம் + ஸ்பிரிங் வலிமை × விலகல் = 0

நிறை 1, ஸ்பிரிங் 4 என்று வைத்துக்கொண்டு தடையை மட்டும் மாற்றிப் பார்ப்போம். விடை ஏதோ ஓர் அடுக்குக்குறிச் சார்பாக இருக்கும் என்று ஊகித்துப் போட்டால், சமன்பாடு சுருங்கி ஒன்பதாம் பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாடாகிவிடுகிறது. நோட்டில் துணைச் சமன்பாடு என்று எழுதுவது அதைத்தான். தடை 5 என்றால் மூலங்கள் −1, −4. இரண்டும் மெய், இரண்டும் குறை எண்; கதவு ஆடாமல், சோம்பேறித்தனமாக நகர்ந்து வந்து மூடும். தடை 4 என்றால் −2 இரண்டு முறை. தாண்டாமல் கதவு விரைவாக நிலைக்கு வர இதுவே எல்லை. கதவு செய்கிறவர் இதற்குப் பக்கத்தில்தான் திருகை வைக்கப் பார்ப்பார். எண்ணெய் கசிந்து தடை 2-க்கு இறங்கிவிட்டது என்றால் மூலங்கள் கலப்பெண்களாகின்றன: −1 கூட்டல் கழித்தல் ‘ஐ’ ரூட் 3 (‘ஐ’ என்பது −1-ன் வர்க்கமூலம்). கதவு நடுவைத் தாண்டி அந்தப் பக்கம் போய், திரும்பி இந்தப் பக்கம் வந்து, ஆடி ஆடி அடங்கும். மெய்ப்பகுதி −1 எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்கிறது. கற்பனைப் பகுதி ரூட் 3 எந்தத் தாளத்தில் ஆடும் என்கிறது: ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறத்தாழ 3.6 நொடி. “இல்லாத எண்” என்று பள்ளியில் கேலி செய்த கலப்பெண், ஆடும் கதவில் கண்ணெதிரே இருக்கிறது.

இப்போது சிஎஃப், பிஐ இரண்டுக்கும் வருவோம். ஒரு குழந்தை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அதே கதவைச் சீராக முன்னும் பின்னும் ஆட்டுகிறது என்று வையுங்கள். சமன்பாட்டின் வலப்பக்கம் பூச்சியத்துக்குப் பதில் அந்தக் கையின் விசை வந்து உட்காரும். முதல் சில நொடிகள் கதவு குழப்பமாக அசையும், அதற்கென்று ஓர் ஆட்டம், கைக்கென்று ஓர் ஆட்டம். கதவின் சொந்த ஆட்டம்தான் நிரப்புச் சார்பு, சிஎஃப். தடை இருப்பதால் அது தேய்ந்து மறைந்துவிடும். மிஞ்சுவது கையின் தாளத்துக்குக் கதவு ஆடும் ஆட்டம். அது சிறப்புத் தொகை, பிஐ. இரண்டையும் ஏன் கூட்டுகிறோம் என்று எங்கள் வகுப்பில் யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. தொடக்க நிபந்தனை முழுக்க சிஎஃப்-இல் உள்ள மாறிலிகளில்தான் ஒளிந்திருக்கிறது என்பதால், கொஞ்ச நேரம் கழித்துக் கதவு எப்படித் தொடங்கியது என்பதையே மறந்துவிடுகிறது. இந்த ஒரு விஷயம் புரிந்தால், பொறியாளர்கள் ஏன் பிஐ-யை மட்டும் பெரிதாகப் பேசுகிறார்கள் என்பதும் புரிந்துவிடும்.

இவையெல்லாம் நல்ல பிள்ளைகள், நேரியல் சமன்பாடுகள், அதாவது தெரியாதவை ஒன்றையொன்று பெருக்காத சமன்பாடுகள். அடங்காத பிள்ளைகளும் உண்டு. 1927-ல் கெர்மாக், மெக்கெண்ட்ரிக் என்ற இருவர் கொள்ளைநோய் எப்படிப் பரவி ஓய்கிறது என்பது பற்றி எடின்பரோவிலிருந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மெக்கெண்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர், கசௌலி பாஸ்டர் நிறுவனத்தில் இயக்குநராக வேலை பார்த்தவர். கெர்மாக் 1924-ல் ஆய்வகத்தில் நடந்த வெடிவிபத்தில் இரு கண்களையும் இழந்தவர். பார்வை போன பிறகு மனத்திலேயே போட்ட கணிதம் அது. 1905–06-ல் பம்பாயில் பிளேக் நோயால் வாரம் வாரம் இறந்தவர்களின் எண்ணிக்கையை எடுத்து, தங்கள் சமன்பாட்டின் வளைகோட்டை அதன் மேல் வரைந்து காட்டினார்கள்.

ஊரை மூன்று கூட்டமாகப் பிரிக்க வேண்டும்: நோய் வரக்கூடியவர்கள், நோய் உள்ளவர்கள், குணமாகியோ இறந்தோ ஆட்டத்திலிருந்து விலகியவர்கள். புதிதாகத் தொற்றும் வேகம் முதல் இரண்டு கூட்டங்களின் பெருக்கலுக்கு ஏற்ப இருக்கும், ஏனென்றால் ஒருவரை ஒருவர் சந்தித்தால்தான் தொற்று. அந்தப் பெருக்கல்தான் வம்பு. தெரியாதது இன்னொரு தெரியாததைப் பெருக்கியதும் நேரியல் தன்மை போய்விடுகிறது, நம் சிஎஃப், பிஐ ஒன்றும் வேலைக்கு ஆகாது. கையில் மிஞ்சுவது ஆய்லர் முறையும் அதன் மெருகேறிய தம்பிகளும்தான்.

10,000 பேர் உள்ள ஊர். ஆரம்பத்தில் ஒரு நோயாளி மூன்று பேருக்குப் பரப்புகிறார். சமன்பாட்டை ஓட்டினால், நோய் வரக்கூடியவர்கள் மூன்றில் ஒரு பங்காக, சுமார் 3,333 ஆகும்போது நோயாளிகளின் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்குகிறது. அந்த நாளில் நோயோடு இருப்பவர்கள் சுமார் 3,000. கடைசியில் சுமார் 600 பேர் நோயே வராமல் தப்பிவிடுகிறார்கள். மருந்தால் இல்லை, பரப்புகிறவருக்கு அடுத்த ஆள் கிடைக்காமல் நோய் ஓய்ந்துபோவதால். இந்த எண்களில் எதையும் நாம் விதியில் எழுதி வைக்கவில்லை, விதியே ஈன்றெடுத்தது. பிளேக்கில் எலியும் தெள்ளுப்பூச்சியும் இருக்கின்றன, நிஜம் இவ்வளவு எளிதில்லை. தங்கள் அனுமானங்கள் கறாராகப் பொருந்தாதவை, விடை தோராயமானது என்று அந்த இருவருமே எழுதியிருக்கிறார்கள். மாதிரி கட்டுகிறவர்களிடம் எனக்குப் பிடித்த குணம் அது.

இந்தப் பாடத்தைத் தொடங்கப் போகிறவர் கேட்டால் ஒன்று சொல்வேன். கணக்கைப் பார்த்ததும் “இது எந்த வகை, எந்த முறை” என்று தேடும் முன், விடை எங்கே போய் நிற்கும் என்று ஒரு படம் போட்டுவிடுங்கள். வேகம் எப்போது பூச்சியம்? அதற்கு மேலே இருந்தால் ஏறுமா, இறங்குமா? காபிக்கு 30 என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு முறையைப் போட்டு 300 என்று விடை வந்தால், குறி எங்கேயோ புரண்டிருக்கிறது என்று நீங்களே பிடித்துவிடலாம்.

அப்புறம், பரீட்சைக்கு வராத ஒரு கேள்வி. 90 டிகிரியில் 100 மில்லி டிகாஷன் இருக்கிறது, பக்கத்தில் 50 மில்லி பால். பத்து நிமிடம் கழித்துத்தான் குடிக்கப் போகிறீர்கள். காபி சூடாக இருக்க வேண்டும் என்றால் பாலை இப்போதே ஊற்ற வேண்டுமா, குடிக்கும்போதா? பால் அறை வெப்பநிலையில் இருந்தால், 0.04 மாறாத வரை, இரண்டும் ஒன்றுதான், போட்டுப் பாருங்கள். ஃப்ரிட்ஜில் 5 டிகிரியில் இருக்கும் பால் என்றால் இப்போதே ஊற்றினால் 51.2 டிகிரி, கடைசியில் எடுத்து ஊற்றினால் 48.5. மாமா பையன் இதை இரண்டு டம்ளரில் செய்து பார்த்துவிட்டு, வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை, இரண்டுமே ஆறிப்போச்சு என்றான்.